வைரஸ் விழித்தால் இரத்தத்தைக் குற்றம் சொல்லாதீர்கள்

(றிச்மண்ட் ஹில்லில் நடந்த எங்கள் மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைத் திருத்தியிருக்கிறேன். பேச்சுமொழியை முழுதாகத் துடைக்கவில்லை.)



இண்டைக்கு எனக்குத் தந்த தலைப்பைக் கேட்டவுடன் இரண்டு மூன்று பேர் சிரித்தவை. கிட்னி மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு, உடம்புக்குள்ள தூங்கிக்கொண்டிருந்த வைரஸ்கள் விழித்துக்கொள்வதில் மரபணுவுக்கு என்ன பங்கு என்பதுதான் தலைப்பு. வாடகை, வேலை, காணாமல் ஆக்கப்பட்டோர், பலஸ்தீனம் என்று கதைக்க எவ்வளவோ கிடக்கேக்க, ஏன் இந்தக் கதை?

காரணம் இருக்கு. இந்த மண்டபத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் டயாலிசிஸ் செய்யிற ஒரு மாமாவையோ, சித்தியையோ, பக்கத்து வீட்டு அன்ரியையோ தெரிந்திருக்கும். கிட்னி பழுதாவதற்குப் பெரிய இரண்டு காரணங்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும். இரண்டும் எங்கட வீடுகளில் கதிரை போட்டு இருக்கிற விருந்தாளிகள். யோர்க் பிராந்தியத்தில் டயாலிசிஸ் செய்பவர்களில் கனபேர் இஞ்ச றிச்மண்ட் ஹில்லில் மெக்கன்சி ஹெல்த் நடத்துகிற சிறுநீரகத் திட்டத்துக்குள்ளால்தான் போகினம். மாற்றுச் சிகிச்சை என்று வந்தால் ரொறன்ரோ டவுன்ரவுனுக்குப் போகவேணும். அதற்குப் பிறகு நடக்கிறதைப் பற்றி எங்கட ஆட்கள் பெரிதாகக் கதைக்கிறதில்லை. "கிட்னி மாத்தியாச்சு, இனிப் பிரச்சினையில்லை" என்று கோயிலில் ஒரு அர்ச்சனையோடு கதை முடிந்துவிடும்.

நான் வைத்தியர் இல்லை. மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தக் குழாய்கள் வரும். அதில் எந்த வைரஸ் எவ்வளவு இருக்கு என்று பி.சி.ஆர். இயந்திரம் எண்ணும். அந்த எண் சரியா என்று பார்த்து அனுப்புகிறது என்ர வேலை. ஆகவே உங்கட வீட்டில் யாருடைய மருந்தையும் கூட்டச்சொல்லியோ குறைக்கச்சொல்லியோ நான் சொல்லமாட்டன். அது அவரவர் வைத்தியரோடு கதைக்க வேண்டியது. நான் கதைக்க வந்தது வேறொன்றைப் பற்றி. வைரஸ் விழித்துக்கொண்டால் எங்கட குடும்பங்களில் உடனே வாற ஒரு வசனத்தைப் பற்றி: "எங்கட பரம்பரை இரத்தமே சரியில்லை."

இந்த வசனம் இரண்டு பேரைக் கொல்லும். ஒருவர் கிட்னி வாங்கியவர்: தன்ர உடம்பே தனக்குத் துரோகம் செய்துபோட்டுது என்று நினைப்பார். மற்றவர் கிட்னி குடுத்தவர். அது அம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கும். "நான் குடுத்த கிட்னியோட நோயையும் சேர்த்துக் குடுத்துப்போட்டன்" என்று இரவில் நித்திரையில்லாமல் கிடப்பார். அந்த அம்மாவுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பதில் இருக்கவேணும். அந்தப் பதிலைத் தேடுவதற்காகத்தான் இவ்வளவு விஞ்ஞானமும்.

விழிக்கிறது என்றால் என்ன?

சில வைரஸ்கள் வரும், போகும். வேறு சில வந்தால் போகவே போகா. சின்ன வயதில் உடம்புக்குள் வந்து, ஒரு தடிமன் காய்ச்சல் போலவோ ஒன்றுமே தெரியாமலோ தங்கிவிடும். சி.எம்.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற சைட்டோமெகலோ வைரஸ் அப்படி ஒன்று. கொப்புளிப்பான் வைரஸின் குடும்பம். எப்ஸ்டீன்-பார் இன்னொன்று. மூன்றாவது பி.கே. வைரஸ், அது கிட்னிக்குள்ளேயே குடியிருக்கும். பெரியவர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் பி.கே. இருக்கு. இந்த மண்டபத்திலும் இருக்கு. பயப்படாதையுங்கோ. உங்கட நோயெதிர்ப்புக் கலங்கள் இரவு பகலாக அதைக் காவல் காக்குது.

கிட்னி மாற்றும்போது அந்தக் காவலைத்தான் நாங்கள் வேண்டுமென்றே தளர்த்துகிறோம். வேறொருவரின் கிட்னியை உடம்பு அந்நியன் என்று கண்டு தாக்காமல் இருக்க மருந்து குடுக்கினம். காவலாளிக்கு நித்திரைக் குளிசை குடுத்தால் அவன் விருந்தாளியையும் மறிக்கமாட்டான், கள்ளனையும் மறிக்கமாட்டான். சி.எம்.வி. விழித்தால் காய்ச்சல், வயிற்றோட்டம், சுவாசப்பை, ஈரல் என்று எங்கேயும் போகும். பி.கே. விழித்தால் புதுக் கிட்னியையே அரிக்கும். அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து இண்டைக்கும் கிடையாது. காவலைத் தளர்த்திய மருந்தைக் குறைத்து, காவலாளியைக் கொஞ்சம் எழுப்பிவிடுவதுதான் வழி. அதிகம் எழுப்பினால் அவன் கிட்னியைத் தாக்குவான். கயிற்றில் நடக்கிற வேலை.

இந்தக் கயிறு எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தால் மரபணுவின் இடமும் விளங்கும். 1954 டிசம்பர் 23 அன்று பொஸ்டனில் ஒரு சகோதரனின் கிட்னியை மற்றச் சகோதரனுக்கு வைத்தார்கள். உலகில் முதன்முதலாக வெற்றிபெற்ற கிட்னி மாற்று அது. இருவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். மரபணு முழுக்க ஒன்று என்பதால் உடம்பு அந்தக் கிட்னியைத் தன்னுடையது என்றே நம்பியது. காவலைத் தளர்த்த மருந்து தேவைப்படவில்லை. கனடாவின் முதல் கிட்னி மாற்றும், 1958இல் மொன்றியலில், இரட்டையருக்கிடையேதான் நடந்தது. இரட்டையர் இல்லாத மற்றவர்களுக்கு வழி திறந்தது நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்த பிறகு. 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று நடந்தது.

அதே 1971இல் லண்டனில் இருந்து ஒரு செய்தி வந்தது. கிட்னி மாற்றிய ஒரு சூடான் நாட்டவரின் சிறுநீரில் அதுவரை யாரும் காணாத ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்று. அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தான் பி.கே. ஒரு ஆபிரிக்க நோயாளியின் பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்கி உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் ஒவ்வொரு நாளும் உச்சரிக்கப்படுகுது. நானும் உச்சரிக்கிறன். அவர் யார், எப்படி லண்டனுக்கு வந்தார் என்று எங்கட பாடப்புத்தகங்களில் ஒரு வரி இல்லை. இதை நினைவில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

மரபணு என்ன செய்யும்?

செய்யும். அதை மறுக்க வரவில்லை. இலங்கையில் படித்தவர்கள் பரம்பரையலகு என்று படித்திருப்பீர்கள், அதே சாமான்.

முதலாவது எச்.எல்.ஏ. மரபணுக்கள். ஆறாவது நிறமூர்த்தத்தில் இருக்கு. ஒவ்வொரு கலத்தின் வாசலிலும் தொங்குகிற பெயர்ப்பலகை என்று நினையுங்கோ. குடுப்பவரின் பலகையும் வாங்குபவரின் பலகையும் எவ்வளவு ஒத்துப்போகுது என்று பார்ப்பது இதைத்தான். இதே பலகையில்தான் கலம் தனக்குள் இருக்கிற வைரஸின் ஒரு துண்டை வெளியே காட்டும். காவல் கலம் அதைக் கண்டு தாக்கும். யாருடைய பலகை எந்த வைரஸை எவ்வளவு தெளிவாகக் காட்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பி.கே. வைரஸுக்கு எதிராகச் சில எச்.எல்.ஏ. வகைகள் கொஞ்சம் பாதுகாப்புத் தருவதாக ஆய்வுகள் சொல்லியிருக்கு.

இரண்டாவது கே.ஐ.ஆர். மரபணுக்கள். உடம்பில் இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்று ஒரு படை இருக்கு. அதற்கு முடுக்கும் ஏற்பிகளும் இருக்கு, அடக்கும் ஏற்பிகளும் இருக்கு. முடுக்குவதைக் கூடப் பரம்பரையாகப் பெற்றவர்களுக்குக் கிட்னி மாற்றிய பிறகு சி.எம்.வி. விழிப்பது குறைவு என்று 2008இல் சுவிற்சர்லாந்தில் இருந்து ஒரு ஆய்வு வந்தது.

மூன்றாவது இன்டர்ஃபெரோன் லம்டா மரபணுக்கள். இன்டர்ஃபெரோன் என்பது வைரஸ் வந்துவிட்டது என்று அடிக்கிற மணி. இந்த மரபணுப் பகுதியில் ஒரு சின்ன மாற்றம் சி.எம்.வி. பெருகுவதோடு தொடர்புபட்டது என்று ஆய்வுகள் வந்தன. ஆனால் ஒரு ஆய்வு ஒரு திசையைக் காட்டினால் இன்னொன்று எதிர்த்திசையைக் காட்டியது. வைரஸைக் கண்டறியும் டோல் வகை ஏற்பிகளின் மரபணுக்களிலும் இதே கதைதான்: ஒரு நகரத்தில் கண்டது அடுத்த நகரத்தில் காணாமல் போகும்.

ஏன் இப்படி? பெரும்பாலும் நூறு, இருநூறு, சில நூறு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுகள். ஒவ்வொருவரும் முன்கூட்டியே தாங்கள் சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு மரபணுக்களை மட்டும் பார்த்தார்கள். மருந்து வேறு, குடுப்பவர் வேறு, வயது வேறு. இவ்வளவு சத்தத்துக்குள் ஒரு மரபணுவின் முணுமுணுப்பைக் கேட்பது கஷ்டம். அதனால்தான் இந்த மரபணுக்களைச் சோதித்து, "உனக்கு வைரஸ் விழிக்கும், உனக்கு விழிக்காது" என்று சொல்லும் வழக்கம் இன்னும் மருத்துவமனைகளில் இல்லை.

வேலைக்கு உதவுகிற மரபணு ஒன்று இருக்கு. அது வைரஸ் பக்கத்தில் இல்லை, மருந்துப் பக்கத்தில் இருக்கு. டாக்ரோலிமஸ் என்பது இண்டைக்குக் கிட்னி மாற்றியவர்களில் பெரும்பாலானோர் காலையும் மாலையும் எடுக்கிற மருந்து. அதை உடைக்கும் நொதியம் ஒன்றை உண்டாக்குவது சிப்-3ஏ-5 என்ற மரபணு. அது வேலை செய்கிற நிலையில் உள்ளவர்கள் மருந்தை வேகமாக உடைத்துவிடுவார்கள். அவர்களுக்குத் தொடக்க அளவு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படலாம் என்று 2015இல் வந்த மருந்தியல் வழிகாட்டி சொல்லுது. ஐரோப்பிய வழியினரில் அப்படியானவர்கள் சிறுபான்மை. ஆபிரிக்க வழியினரில் பெரும்பான்மை. நாங்கள் தெற்காசியர் இடைநடுவில். ஒரு அளவை எல்லோருக்கும் பொது என்று எடுத்தால் சிலருக்கு மருந்து குறைந்து கிட்னி நிராகரிக்கப்படும். சிலருக்குக் கூடி, காவல் அளவுக்கு மீறித் தளர்ந்து, வைரஸ் எழும்பும்.

இதற்குத் தீர்வு என்ன? மரபணுச் சோதனை உதவலாம். ஆனால் எல்லா இடமும் செய்வது எளிமையான ஒன்று: அடிக்கடி இரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்த்துத் திருத்துகிறது. மரபணுவை மாற்றேலாது. அளவை மாற்றலாம். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கோ.

பரம்பரையா, பிறந்த இடமா?

இனி அந்த அம்மாவிடம் வருவம்.

சி.எம்.வி. ஒருவரிடம் இருக்கா இல்லையா என்பதை இரத்தத்தில் உள்ள பிறபொருளெதிரிகளை வைத்துச் சொல்லலாம். இருந்தால் பொசிற்றிவ், இல்லாவிட்டால் நெகற்றிவ். இந்த வைரஸ் எச்சிலாலும் தாய்ப்பாலாலும் பரவும்; நெருக்கமான வீட்டில் குழந்தைகளுக்கிடையே பரவும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்ந்த பெரியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பொசிற்றிவ். கனடாவில் வளர்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர்தான். ஆகவே யாழ்ப்பாணத்தில் ஏழு பேரோடு ஒரு வீட்டில் வளர்ந்த அம்மா பொசிற்றிவாகவும், மார்க்கத்திலோ றிச்மண்ட் ஹில்லிலோ பிறந்து ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த மகன் நெகற்றிவாகவும் இருக்கக்கூடும்.

இப்ப அந்த அம்மா மகனுக்குக் கிட்னி குடுக்கிறா என்று வைப்பம். வைரஸ் கிட்னிக்குள் தூங்கிக்கொண்டு கூடவே வரும். மகனின் உடம்பு அதை முன்பு கண்டதே இல்லை. அதை நினைவில் வைத்திருக்கும் ஒரு கலமும் அங்கே கிடையாது. அதே நேரம் காவலும் மருந்தால் தளர்ந்திருக்கு. குடுப்பவர் பொசிற்றிவ், வாங்குபவர் நெகற்றிவ் என்ற இந்தச் சோடிதான் சி.எம்.வி.யைப் பொறுத்தவரை ஆகக் கூடிய ஆபத்துள்ளது. மேலே சொன்ன எந்த மரபணு வேறுபாட்டையும்விட இது பெரிய காரணி என்பதில் வைத்திய உலகில் சந்தேகமில்லை.

ஆகவே தோழர்களே, "பரம்பரை இரத்தம்" என்று நாங்கள் சொல்வது பல வேளை பரம்பரை இல்லை. அது ஒரு வீட்டின் நெருக்கம்; ஒரு நாட்டில் வளர்ந்து இன்னொரு நாட்டில் பிள்ளை பெற்றதன் தடம். கடல் தாண்டி வந்தவர்களின் உடம்பில் இருக்கிற இடப்பெயர்வு. அம்மாவின் மரபணு ஒரு பிழையும் செய்யவில்லை.

இந்தச் சோடி ஆபத்தென்றால் குடுக்கக்கூடாதா? குடுக்கலாம்; ஒவ்வொரு வருஷமும் உலகம் முழுக்கக் குடுக்கினம். ஏனென்றால் தடுக்க வழி இருக்கு. வல்கன்சிக்ளோவிர் என்ற குளிசையைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் குடுப்பார்கள். முன்பு நூறு நாள் குடுத்தார்கள். அது போதுமா என்று பார்க்க, இதே ஆபத்தான சோடியில் இருந்த 326 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்கள் கனடாவில் எட்மன்ரனில் இருந்தார்கள். முடிவு 2010இல் வெளிவந்தது. நூறு நாள் குளிசை எடுத்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் சி.எம்.வி. நோய் வந்தது 36.8 வீதத்தினருக்கு. இருநூறு நாள் எடுத்தவர்களில் 16.1 வீதத்தினருக்கு.

நூறு பேரில் முப்பத்தேழு, பதினாறாகக் குறைந்தது. எந்த மரபணுவையும் மாற்றவில்லை. இன்னும் நூறு நாள் குளிசை, அவ்வளவுதான்.

பி.கே.க்கும் இதே பாடம். முதல் ஒன்பது மாதம் மாதத்துக்கு ஒருக்கால், பிறகு இரண்டு வருஷம் வரை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் இரத்தத்தைப் பார்க்கவேணும் என்பது இண்டைய சர்வதேச வழிகாட்டி. எண் சின்னதாக இருக்கும்போதே கண்டால் மருந்தைக் குறைத்துக் கிட்னியைக் காப்பாற்றலாம். மில்லிலீற்றருக்குப் பத்தாயிரம் பிரதிகளைத் தாண்டி நின்றால் வைரஸ் கிட்னியைத் தொட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். நான் எண்ணுகிற எண்கள் இவைதான். ஒரு குழாய் ஒரு மாதம் பிந்தி வந்தால் அந்த எண்ணுக்கு எவ்வளவு நேரம் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குழாய் ஏன் பிந்துது?

இஞ்சதான் அரசியல் தொடங்குது.

றிச்மண்ட் ஹில்லில் இருக்கிற ஒருவர் மாற்றுச் சிகிச்சைக் கிளினிக்குக்குப் போகவேணும் என்று வைப்பம். கார் இல்லை. யங் வீதியில் விவா பஸ் பிடித்து, ஃபின்ச்சில் இறங்கி, சப்வே எடுத்து, குயின்ஸ் பார்க்கில் இறங்கவேணும். போய்க் காத்திருந்து வர ஒரு நாள் வேலை போச்சு. ஒன்ராறியோ வேலைச் சட்டத்தில் நோய் விடுப்பு ஆண்டுக்கு மூன்று நாள். அதுவும் சம்பளமில்லாமல். 2018இல் சம்பளத்தோடு இரண்டு நாள் அவசர விடுப்பு வந்தது. ஃபோர்ட் அரசாங்கம் 2019 ஜனவரி முதலாம் தேதியோடு அதை எடுத்துப்போட்டுது. பி.கே. ஒன்றுக்கு மட்டும் முதல் ஒன்பது மாதத்தில் ஒன்பது தடவை இரத்தம் எடுக்கவேணும். ஒன்பதையும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கோ. தொழிற்சாலையில் ஏஜென்சி மூலம் வேலை செய்யிற ஒருவர் முதல் மூன்று மாதம் ஒழுங்காகப் போவார். நாலாம் மாதம் சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்து, "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தள்ளிப்போடுவார். வைரஸ் முதலில் ஒரு அறிகுறியும் காட்டாது. காட்டேக்க பிந்திப்போயிருக்கும். பிறகு நாங்கள் சொல்லுவம், இரத்தம் சரியில்லை என்று.

அடுத்தது காசு. கனடாவில் வைத்தியம் இலவசம் என்று ஊருக்குச் சொல்லுறம். வைத்தியர் இலவசம், சத்திரசிகிச்சை இலவசம். மருத்துவமனைக் கதவைத் தாண்டி வந்தால் குளிசை எல்லோருக்கும் இலவசமில்லை. வேலைத்தலக் காப்புறுதி இருந்தால் ஒரு கதை. இல்லாவிட்டால் ட்ரில்லியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கவேணும். அதிலும் வீட்டு வருமானத்தில் ஏறக்குறைய 4 வீதத்தை முதலில் நீங்கள் கட்டவேணும். 2024 ஒக்டோபரில் தேசிய மருந்துத் திட்டத்துக்கு ஒரு சட்டம் வந்தது. நல்லது. ஆனால் அதன் முதல் கட்டம் கருத்தடைச் சாதனங்களும் நீரிழிவு மருந்துகளும்தான். கிட்னி பழுதாக முதல் குடுக்கிற மருந்து பட்டியலில் இருக்கு. கிட்னி மாற்றிய பிறகு வைரஸைத் தடுக்கிற மருந்து அதில் இல்லை.

மூன்றாவது அந்தஸ்து. 2012இல் ஹார்ப்பர் அரசாங்கம் அகதிகளுக்கான இடைக்கால மருத்துவத் திட்டத்தை வெட்டியது ஞாபகம் இருக்கும். சன் சீ கப்பலில் 492 பேர் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் அகதிகளும் சேர்ந்து தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடினார்கள். 2014இல் பெடரல் நீதிமன்றம் அந்த வெட்டு கொடூரமானது, வழக்கத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. 2016இல்தான் திட்டம் முழுதாகத் திரும்பி வந்தது. நாலு வருஷம். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கிற ஒருவருக்கு நாலு கிழமை தவறினாலே கிட்னி போய்விடலாம்.

அப்ப மரபணு ஆய்வு வேண்டாமோ?

வேணும். நான் அந்தப் பக்கம் போகேல்லை. இடதுசாரிகள் மரபணு என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்புகிற ஒரு பழக்கம் இருக்கு. இனவாதிகள் அந்தச் சொல்லை வைத்துச் செய்த அநியாயம் அப்படி. ஆனால் டாக்ரோலிமஸ் கதையில் பார்த்தீர்கள், எங்கட உடம்புகளைச் சேர்க்காமல் அளவு முடிவுசெய்தால் எங்களுக்குத்தான் நட்டம். உலகின் மரபணு ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் முக்கால்வாசிக்கும் மேல் ஐரோப்பிய வழியினர். எங்கட ஆட்களைப் பற்றிய விடை இல்லை என்றால் அதற்கு முதல் காரணம் கேள்வியே கேட்கப்படவில்லை என்பதுதான்.

அதே நேரம் இனத்தை மரபணுவின் சுருக்கெழுத்தாகப் பாவிக்கிறதும் ஆபத்து. கிட்னி எவ்வளவு வேலை செய்யுது என்று கணக்கிடுகிற சமன்பாட்டில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் ஒரு எண்ணால் பெருக்குகிற வழக்கம் பல வருஷமாக இருந்தது. அதனால் அவர்களுடைய கிட்னி காகிதத்தில் இருப்பதைவிட நன்றாகத் தெரியும்; மாற்றுப் பட்டியலில் பிந்தித்தான் பெயர் ஏறும். 2021இல்தான் இனத்தை விட்டுவிட்டுப் புதுச் சமன்பாடு வந்தது. அமெரிக்காவில் 2023 முதல், அப்படிப் பிந்தியவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்திக் குடுக்கவேண்டும் என்று மருத்துவமனைகளுக்குக் கட்டளை போனது. கறுப்பின மாணவர்களும் வைத்தியர்களும் வருஷக்கணக்காகச் சண்டை பிடித்ததால் வந்த திருத்தம் அது.

முன்பு பி.கே.யை நினைவில் வைத்திருங்கோ என்றேனே. இன்னொரு கதையையும் பக்கத்தில் வையுங்கோ. 1964இல் கனடாவில் இருந்து ஒரு மருத்துவக் குழு ராப்பா நூயி தீவுக்கு, ஈஸ்டர் தீவு என்று வெள்ளைக்காரர் பெயர் வைத்த இடத்துக்கு, கப்பலில் போனது. அங்கே எடுத்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் இருந்து, மொன்றியலில் ஒரு மருந்து நிறுவன ஆய்வுகூடத்தில் பிறந்தது ராப்பாமைசின். அதைக் கண்டெடுத்த விஞ்ஞானி சுரேன் சேகல் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்து இஞ்ச வந்த ஒருவர். கிட்னி மாற்றியவர்களுக்கு அந்த வகை மருந்து குடுத்தால் சி.எம்.வி. விழிப்பது குறைவு என்று கண்டிருக்கிறார்கள். மருந்தின் பெயரில் தீவு இருக்கு. காப்புரிமையில் தீவு மக்கள் இல்லை.

இரத்தத்திலும் அப்படி நடந்திருக்கு, இந்த நாட்டிலேயே. 1980களில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நூ-சா-நுல்த் முதற்குடி மக்களிடம் மூட்டுவாத நோயை ஆராய என்று சொல்லி 883 பேரின் இரத்தம் எடுத்தார்கள். பிறகு அந்த இரத்தம் அவர்களைக் கேட்காமலே வேறு ஆய்வுகளுக்கெல்லாம் நாடு நாடாகப் போனது. மக்கள் விடவில்லை; 2004இல் இரத்தம் திரும்பி வந்தது. இப்படியான அனுபவங்களில் இருந்துதான் முதற்குடி மக்கள் தங்கள் தரவுக்கு நாலு கோட்பாட்டை வகுத்தார்கள்: அது யாருக்குச் சொந்தம், யார் கட்டுப்படுத்துவது, யார் பார்க்கலாம், யார் கையில் இருக்கும். எங்கட ஆட்களிடம் யாராவது மரபணு ஆய்வுக்கு இரத்தம் கேட்டால், இந்த நாலு கேள்வியையும் கேட்டுவிட்டுக் குடுப்பம். மறுக்கத் தேவையில்லை. கேட்காமல் குடுக்கவும் தேவையில்லை.

சட்டத்தில் ஒரு பிடிமானமும் இருக்கு. 2017இல் கனடாவில் மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. காப்புறுதிக் கம்பனியோ வேறு எவரோ ஒப்பந்தத்துக்கு நிபந்தனையாக உங்களை மரபணுச் சோதனை செய்யச்சொல்லவோ, செய்ததன் முடிவைக் காட்டச்சொல்லவோ முடியாது. அது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று வழக்குப் போனது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. ஒரு வாக்கு வித்தியாசம். இப்படியான உரிமைகள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குது என்று பாருங்கோ.

நாங்கள் என்ன செய்யலாம்?

நடக்கக்கூடிய நாலு காரியத்தைச் சொல்லி முடிக்கிறன்.

ஒன்று, துணைக்குப் போவது. கிட்னி மாற்றிய ஒருவர் உங்கட தெருவில் இருந்தால் முதல் ஒரு வருஷம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆட்களை முறைவைத்து ஒழுங்குபண்ணுங்கோ. கார் உள்ளவர்கள் காரைத் தரலாம். இங்கிலிஷ் தெரிந்தவர்கள், "சி.எம்.வி. குடுத்தவருக்கு என்ன, வாங்கினவருக்கு என்ன? பி.கே. கடைசியாக எப்ப பார்த்தது? டாக்ரோலிமஸ் அளவு எவ்வளவு?" என்ற மூன்று கேள்வியையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக் குடுக்கலாம். சின்ன வேலைதான். இதில் கிட்னிகள் தப்பும்.

இரண்டு, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பைக் கேட்கிற இயக்கங்களில் இந்தக் கதையையும் கொண்டுபோங்கோ. தடிமன் காய்ச்சலுக்கு லீவு கேட்கிறார்கள் என்று முதலாளிகள் நக்கலடிப்பார்கள். ஒன்பது சோதனை, மூன்று நாள் என்ற கணக்கை அவர்களுக்கு முன்னால் வையுங்கோ.

மூன்று, மருந்துத் திட்டத்தின் அடுத்த கட்டம் என்ன என்று உங்கட எம்.பி.யைக் கேளுங்கோ. மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்திய மருந்துகள் எல்லாம், வைரஸ் தடுப்பு மருந்து உட்பட, அந்தஸ்து பார்க்காமல் எல்லோருக்கும் கிடைக்கவேணும் என்பது எங்கட கோரிக்கையாக இருக்கட்டும்.

நாலு, உறுப்புத் தானத்துக்குப் பதியுங்கோ. ஹெல்த் கார்ட் இலக்கம் இருந்தால் சில நிமிஷ வேலை. எங்கட ஆட்களில் பி வகை இரத்தம் இந்த நாட்டின் ஐரோப்பிய வழியினரைவிடக் கூட. அந்த வகைக்காகக் காத்திருப்பவர்களுக்கு அந்த வகையிலேயே குடுப்பவர்கள் தேவை. பரம்பரை என்ற சொல்லுக்கு நல்ல அர்த்தம் ஒன்று வேணும் என்றால் அது இதுதான்.

கேள்வி நேரத்தில் ஒரு தங்கச்சி கேட்டா: "அப்ப அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று. நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறன். அம்மாவிடம் சொல்லுங்கோ: நீங்கள் குடுத்தது ஒரு கிட்னி. அதோட வந்தது நீங்கள் வளர்ந்த வீட்டின் அடையாளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது விழிக்காமல் பார்க்கிறது குளிசையின் வேலை, சோதனையின் வேலை, எங்கட எல்லாருடைய வேலை. அடுத்த இரத்தச் சோதனை எப்ப என்று மட்டும் கலண்டரில் எழுதி வையுங்கோ, கூட்டிக்கொண்டு போக நான் வாறன்.